ஆன்டிபயாடிக் எழுதும் முன்பும் எழுதிய பின்பும்: வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆன்டிபயாடிக் எழுதும்போது கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரோடு மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: எந்தத் தொற்றுக்காக, எத்தனை நாளைக்கு, என்றைக்குத் திரும்பப் பார்ப்பது. "நிமோனியா, 5 நாள், புதன் காலை ரிவ்யூ" என்று எழுத முடிந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். "காய்ச்சல்" என்று மட்டும்தான் எழுத வருகிறது என்றால், நோயாளியைத் தலை முதல் கால் வரை இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

புதிதாக வேலை தொடங்கும் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மூவரையும் மனத்தில் வைத்து எழுதியது இது. வேறு எதுவும் சொல்லாத இடங்களில், அளவுகள் எல்லாம் சிறுநீரகம் நன்றாக இயங்கும் பெரியவர்களுக்கானவை. உங்கள் மருத்துவமனையின் சிகிச்சை நெறிகளும், அங்கே வளரும் கிருமிகள் எந்த மருந்துக்குக் கட்டுப்படுகின்றன என்ற ஆண்டுப் பட்டியலும் கையில் இருந்தால் அவற்றுக்கே முதலிடம். மருத்துவத் துறையில் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமே மருந்து வாங்கிச் சாப்பிட வேண்டாம்; உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

முதல் கேள்வி: மருந்து வேண்டுமா?

ஜலதோஷம், ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி, பெரும்பாலான திடீர் இருமல் ஆகியவற்றுக்கு வைரஸ்தான் காரணம். வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது. சளி மஞ்சளாக, பச்சையாக மாறினால் பாக்டீரியா வந்துவிட்டது என்ற நம்பிக்கை நோயாளிகளிடம் மட்டுமல்ல, நம்மிடமும் வேரூன்றி இருக்கிறது. அந்த நிறம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியிலிருந்து வருகிறது. வைரஸ் தொற்றிலும் அப்படித்தான் மாறும். வைரஸ் இருமல் மூன்று வாரம் வரை இழுக்கலாம் என்பதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிட்டால், ஐந்தாம் நாள் "இன்னும் இருமல் நிற்கவில்லை, ஏதாவது பெரிய மருந்து கொடுங்கள்" என்று அவர் திரும்பி வருவது குறையும்.

தொண்டை வலிக்கு நான்கு அடையாளங்களைப் பாருங்கள்: காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படிவு, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெரிகட்டி, இருமல் இல்லாமை. ஒன்றோ, ஒன்றுமே இல்லையோ என்றால் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. மூன்று நான்கு இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கலாம். விரைவுப் பரிசோதனை செய்ய முடிந்தால் செய்து உறுதிப்படுத்துங்கள். சைனஸில், 10 நாளுக்கு மேல் கொஞ்சமும் குறையாமல் இருப்பது, சரியாகி வந்து மீண்டும் மோசமாவது, அல்லது 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலும் சீழ் போன்ற ஒழுக்கும் முகவலியும் தொடர்ந்து 3, 4 நாள் நிற்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால்தான் பாக்டீரியாவை நினைக்க வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனைதான் அதிகமாக வீண் மருந்தை எழுத வைக்கிறது. வயதானவர்களிடமும் டியூப் போட்டவர்களிடமும் சிறுநீரில் கிருமி வளர்வது சாதாரணம். எரிச்சல், அடிக்கடி போவது, காய்ச்சல், இடுப்பு வலி எதுவும் இல்லாதபோது அதற்கு மருந்து தேவையில்லை. கலங்கிய சிறுநீரும் நாற்றமும் தொற்றுக்கு அடையாளமல்ல. கர்ப்பிணிகளும், சளிப்படலத்தில் காயம் ஏற்படுத்தக்கூடிய சிறுநீர்ப்பாதை அறுவைக்குத் தயாராகிறவர்களும் இதற்கு விலக்கு; அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை வேண்டும்.

சிலரை ஒரு நிமிடமும் காக்க வைக்கக் கூடாது. தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு குழப்பமான பேச்சு, நிமிடத்துக்கு 22-ஐத் தொடும் மூச்சு, 100-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கும் மேல் ரத்த அழுத்தம், திட்டுத் திட்டாக நிறம் மாறிய குளிர்ந்த தோல், சிறுநீர் குறைவது ஆகியவை சேர்ந்தால் அது செப்சிஸாக, அதாவது தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலையாக, இருக்கலாம். அதிர்ச்சி நிலைக்குப் போனவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஏற வேண்டும். கீமோதெரபிக்குப் பிறகு வெள்ளை அணு குறைந்து காய்ச்சலோடு வருபவருக்கும் அதே ஒரு மணி நேரம்தான். மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்தால் ஸ்கேனுக்காகவோ முதுகு நீருக்காகவோ மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்; ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்த கையோடு கொடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பைவிட வலி பல மடங்கு அதிகமாக இருந்தால், அல்லது சிவப்பு மணிக்கு மணி பரவினால், அறுவை மருத்துவரை உடனே அழையுங்கள். தசையுறை அழுகலில் மருந்து மட்டும் உயிரைக் காக்காது.

மருந்துக்கு முன் மாதிரி

முதல் டோஸ் உள்ளே போன பிறகு எடுக்கும் கல்ச்சரில் கிருமி வளரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பிறகு ஒரு வாரம் இருட்டில் மருந்து கொடுக்க வேண்டியதுதான். வெளிநோயாளியாக வரும் சாதாரண தோல் தொற்றுக்கோ லேசான நிமோனியாவுக்கோ ரத்த கல்ச்சர் வேண்டியதில்லை. வார்டில் சேர்க்கும் அளவுக்கு நோய் கடுமையாக இருந்தால் எடுங்கள், முறையாக எடுங்கள்.

ரத்த கல்ச்சரில் ஜெயிப்பதும் தோற்பதும் இரண்டு விஷயங்களில்தான்: ரத்தத்தின் அளவு, தோலின் சுத்தம். பாட்டிலின் மூடியைத் திறந்ததும் உள்ளிருக்கும் ரப்பர் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைக்காமல், ஆல்கஹால் துடைப்பானால் துடைத்துக் காயவிடுங்கள். நரம்பைத் தொட்டுப் பார்த்து இடம் குறித்த பிறகு, குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஆல்கஹாலால் தோலை 30 விநாடி அழுத்தித் தேய்த்து, தானாகக் காயும்வரை காத்திருங்கள். ஊதக் கூடாது, மறுபடி விரலால் தொட்டுப் பார்க்கவும் கூடாது. காற்றுள்ள பாட்டில், காற்றில்லா பாட்டில் இரண்டும் சேர்ந்தது ஒரு ஜோடி; ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8 முதல் 10 மி.லி. ரத்தம் வேண்டும். சிரிஞ்சில் எடுத்தால் காற்றில்லா பாட்டிலை முதலில் நிரப்புங்கள், ஏனென்றால் சிரிஞ்சில் உள்ள காற்று மேலே நிற்கும். பட்டாம்பூச்சி ஊசியில் நேராக எடுத்தால் குழாயில் இருக்கும் காற்று முதல் பாட்டிலுக்குள் போகும் என்பதால் காற்றுள்ள பாட்டில் முதலில். ரத்தம் போதாமல் போனால் காற்றுள்ள பாட்டிலுக்கே முன்னுரிமை. வேறு கையிலிருந்து இன்னொரு ஜோடி எடுங்கள்.

அந்த இரண்டாவது ஜோடியை "ஒன்று போதாதா" என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். நான்கு பாட்டிலில் ஒன்றில் மட்டும் தோலில் வாழும் கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்தால் அது பெரும்பாலும் தோலிலிருந்து ஒட்டி வந்தது. ஒரே ஜோடி எடுத்து அதில் வளர்ந்தால் எதை நம்புவது? அந்தக் குழப்பத்தில்தான் வான்கோமைசின் வீணாக ஏறும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் கேண்டிடாவும் இதற்கு விலக்கு: ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீரை நடுப்பகுதியில் பிடித்து 2 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், முடியாவிட்டால் 4 டிகிரியில் ஃபிரிட்ஜில் வையுங்கள். அறையில் கிடந்தால் நான்கு கிருமி நாற்பதாயிரம் ஆகும். சீழ் இருந்தால் சிரிஞ்சில் சீழையே எடுத்து அனுப்புங்கள்; புண்ணின் மேலே பஞ்சுக் குச்சியால் தடவினால் அங்கே குடியிருக்கும் கிருமிகள்தான் வரும்.

மருந்தைத் தேர்வது

வரிசை இதுதான்: எந்த உறுப்பு, அங்கே வழக்கமாக எந்தக் கிருமி, அந்தக் கிருமிக்கு எந்த மருந்து, அந்த மருந்து அந்த உறுப்புக்குள் போகுமா, இந்த நோயாளிக்கு ஆகுமா. பழக்கப்பட்ட மருந்திலிருந்து பின்னோக்கிப் போகிறவர்கள்தான் எல்லா நோய்க்கும் செஃப்ட்ரியாக்ஸோன் எழுதுகிறார்கள்.

சீழ் இல்லாமல் சிவந்து வீங்கிய கால் என்றால் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சில நேரம் ஸ்டஃபைலோகாக்கஸ். செஃபலெக்சின் 500 மி.கி. 6 மணிக்கொரு தடவை போதும். மெட்ரோனிடசோலுக்கு அங்கே வேலை இல்லை. வெளியிலிருந்து வரும் லேசான நிமோனியாவில் முதலில் நினைக்க வேண்டியது நிமோகாக்கஸை. வேறு நோய் இல்லாதவருக்கு அமாக்ஸிசிலின் 1 கிராம் 8 மணிக்கொரு தடவை நல்ல தொடக்கம். பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்ப்பை அழற்சியில் நைட்ரோஃபுரான்டாயின் 5 நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே டோஸ்.

உறுப்புக்குள் போகுமா என்ற கேள்வியில் பலர் தடுக்கி விழுகிறார்கள். நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பையில் மட்டுமே வேலை செய்யும் அளவுக்குச் சேரும். குளிர் காய்ச்சலோடு முதுகு வலிக்கும் சிறுநீரகத் தொற்றில் அதைக் கொடுத்தால், கல்ச்சரில் கட்டுப்படுகிறது என்று வந்திருந்தாலும் நோய் முன்னேறும். டாப்டோமைசினை நுரையீரலில் சுரக்கும் நுரைப்பொருள் செயலிழக்கச் செய்துவிடும், ஆகவே நிமோனியாவுக்கு ஆகாது. ஜென்டாமைசின் அமிலத்தன்மையும் காற்றின்மையும் உள்ள சீழ்க்கட்டிக்குள் வலுவிழக்கும். செஃபசோலின் மூளைநீருக்குள் போதுமான அளவு போகாது. செஃப்ட்ரியாக்ஸோன் போகும், ஆனால் மூளைக்காய்ச்சலுக்கு 2 கிராம் 12 மணிக்கொரு தடவை வேண்டும், வழக்கமான ஒரு வேளை டோஸ் போதாது.

சீழ் சேர்ந்திருந்தால் அதை வெளியேற்றுவதே முதல் சிகிச்சை. ரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்கு மருந்து போகாது. பழைய கதீட்டர், அடைத்த சிறுநீர்க் குழாய், வெடித்த குடல் எல்லாம் அப்படியே இருக்க மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் கிருமிக்குத்தான் லாபம்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று குழுவாகப் பிரித்தது. முதல் குழுவில் அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின், செஃபலெக்சின், நைட்ரோஃபுரான்டாயின் போன்றவை: எதிர்ப்புத் தன்மையைத் தூண்டும் அபாயம் குறைவு, முதலில் கை வைக்க வேண்டியவை. இரண்டாவது, கண்காணிப்போடு கொடுக்க வேண்டிய செஃப்ட்ரியாக்ஸோன், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், மெரோபெனெம் போன்றவை. மூன்றாவது, கடைசிக் கையிருப்பாகக் காக்க வேண்டிய கோலிஸ்டின், லினசோலிட் போன்றவை. எதை எழுதப் போனாலும் இது எந்தக் குழு என்று ஒரு கணம் நினையுங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் 2019-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்பது கணக்கு. அந்தப் பாக்டீரியாக்கள் வளர்ந்தது நாம் அன்றாடம் எழுதும் சீட்டுகளிலும்தான்.

சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் அடங்கிய ஃப்ளோரோகுவினலோன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தசைநார் கிழிவு, நரம்புப் பாதிப்பு, பெருந்தமனி வீக்கம் வெடிப்பது, நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சடாரென்று இறங்குவது எல்லாம் பதிவானவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல், சைனஸ், மூச்சுக்குழல் அழற்சி, சாதாரண சிறுநீர்த் தொற்று ஆகியவற்றில் வேறு வழி இருந்தால் இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தது. இன்னொரு ஆபத்து: இவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவருக்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் லீவோஃப்ளாக்ஸசின் கொடுத்தால், கொஞ்சம் தேறியது போலிருக்கும், நோயறிதல் வாரக்கணக்கில் தள்ளிப்போகும், கிருமியும் எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்க்கும் இரட்டை மருந்துகளையும் பாருங்கள். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட், பிப்பரசிலின்-டாசோபாக்டம், மெரோபெனெம் மூன்றும் காற்றில்லாக் கிருமிகளை ஏற்கெனவே கவனித்துக்கொள்ளும். அவற்றோடு மெட்ரோனிடசோல் சேர்ப்பது பெரும்பாலும் வாந்தியை மட்டுமே சேர்க்கிறது. கடந்த மூன்று மாதத்தில் நோயாளி எடுத்த ஆன்டிபயாடிக்கையும் கேளுங்கள். அதே வகையை மறுபடி எழுதினால் வேலை செய்யாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

"பென்சிலின் அலர்ஜி"

இந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் மருந்தை மாற்றிவிடாதீர்கள், விசாரியுங்கள். என்ன மருந்து, எத்தனையாவது டோஸில், எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது, எத்தனை வருடம் முன், அதன்பிறகு அமாக்ஸிசிலின் எப்போதாவது எடுத்தீர்களா? அலர்ஜி என்று பதிவு பெற்றவர்களை முறையாகச் சோதித்தால் 10-இல் 9 பேருக்கும் மேல் பென்சிலின் ஒத்துக்கொள்கிறது. வயிற்றுப்போக்கும் குமட்டலும் அலர்ஜியல்ல. குழந்தைப் பருவத்தில் வைரஸ் காய்ச்சலின் தடிப்பு மருந்தின் மேல் பழியாக விழுந்திருக்கலாம்.

ஒரு மணி நேரத்துக்குள் முகம் வீங்கியது, மூச்சு முட்டியது, மயங்கி விழுந்தார் என்றால் உண்மையான ஆபத்து. தோல் உரிந்தது, வாயும் கண்ணும் புண்ணானது என்றால் அந்த மருந்தை வாழ்நாளில் மறுபடி தொடக் கூடாது, சோதனைக்காகக்கூட. செஃபலோஸ்போரின்களோடு குறுக்கு ஒவ்வாமை பழைய புத்தகங்கள் சொல்லும் 10 சதவீதம் அல்ல. மொத்தத்தில் 2 சதவீதம் அளவுதான். மருந்து மூலக்கூறின் பக்கச் சங்கிலி ஒத்திருப்பதுதான் கவனிக்க வேண்டியது: அமாக்ஸிசிலினுக்கு ஒவ்வாதவருக்குச் செஃபலெக்சின், செஃபட்ராக்ஸில், செஃபாக்ளோர் வேண்டாம். செஃபசோலினின் சங்கிலி எதையும் ஒத்திராது.

எல்லோருக்கும் தோலுக்குள் "டெஸ்ட் டோஸ்" போட்டுப் பார்க்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. கடந்த கால ஒவ்வாமை எதுவும் இல்லாதவருக்கு அந்தச் சோதனை எதையும் நம்பகமாகச் சொல்லாது. சரி என்று வந்தவருக்கும் ஆபத்து வரலாம். விசாரணையும், கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலினும்தான் பாதுகாப்பு. பெரியவருக்கு 0.5 மி.கி., அதாவது 1:1000 கரைசலில் 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேவைப்பட்டால் 5 நிமிடத்தில் இன்னொரு தடவை.

அளவு: சிறுநீரகம், எடை, கடிகாரம்

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 70 வயது, 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணியின் கிரியாட்டினின் 1.4 என்று வைத்துக்கொள்வோம். பார்க்கச் சற்றுக் கூடுதல்தான். கணக்குப் போடுங்கள்: 140-லிருந்து வயதைக் கழித்தால் 70, எடையால் பெருக்கினால் 3500, அதை 72 பெருக்கல் 1.4, அதாவது 100.8-ஆல் வகுத்தால் 34.7, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 29.5 மி.லி. சிறுநீரகம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஓடுகிறது. இவருக்கு நைட்ரோஃபுரான்டாயின் வேண்டாம். செஃபெபிமை முழு அளவில் கொடுத்தால் குழப்பமும் வலிப்பும் வரும், நாம் அதைச் செப்சிஸ் என்று நினைத்து மருந்தைக் கூட்டுவோம். செஃப்ட்ரியாக்ஸோனுக்கும் டாக்ஸிசைக்ளினுக்கும் மாற்றம் தேவையில்லை.

இதில் ஒரு நுணுக்கம். செப்சிஸில் இருப்பவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் முதல் டோஸைக் குறைக்காதீர்கள். முதல் டோஸ் நிரப்ப வேண்டியது உடம்பின் நீரை. வெளியேற்றுவது பிறகு வரும் கதை. குறைப்பதெல்லாம் இரண்டாவது டோஸிலிருந்து.

நேரம் ஏன் முக்கியம்? பென்சிலினும் செஃபலோஸ்போரினும் கிருமியைக் கொல்வது, ரத்தத்தில் தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைப் பொறுத்து. 8 மணிக்கொரு தடவை என்றால் காலை 6, மதியம் 2, இரவு 10. "மூன்று வேளை" என்று எழுதிக் காலை 8, மதியம் 1, இரவு 8 என்று கொடுத்தால் இரவு முழுக்க 12 மணி நேரம் கிருமிக்கு விடுமுறை. ஜென்டாமைசின் அமிகாசினுக்கு உச்ச அளவுதான் கணக்கு. அதனால்தான் பெரும்பாலான தொற்றுகளில் அன்றைய மொத்த டோஸையும் ஒரே வேளையாகக் கொடுக்கிறோம்.

மாத்திரையிலும் பொறி உண்டு. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 250/125 இரண்டு மாத்திரை, 500/125 ஒன்றுக்குச் சமமல்ல. கிளாவுலனேட் இரட்டிப்பாகும், வயிற்றுப்போக்கும் கூடும்.

குழந்தைகளுக்கு மி.கி.-யில் கணக்கிட்டு, மி.லி.-யில் சொல்லி, பெற்றோரின் கண்முன் அளந்து காட்டுங்கள். நிமோனியாவுக்கு அமாக்ஸிசிலின் கிலோவுக்கு 40 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு தடவை. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 400 மி.கி. சிரப் 5 மி.லி.-யில் 250 மி.கி. என்றால் 8 மி.லி.; அதே 5 மி.லி.-யில் 125 மி.கி. உள்ள பாட்டிலைக் கடையில் கொடுத்துவிட்டால் 16 மி.லி. வேண்டும். "ஒன்றரை ஸ்பூன்" என்று சொல்லி அனுப்பினால் குழந்தைக்குப் பாதி மருந்துகூடப் போய்ச் சேராது. தூள் சிரப்பைக் கலக்கும் முன் பாட்டிலைத் தட்டித் தூளை உதிர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொதித்து ஆறிய நீரைக் குறியின் பாதிவரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் மீண்டும் குறிவரை நிரப்ப வேண்டும். நுரையோடு சேர்த்துக் குறியைப் பார்த்தால் நீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். ஒவ்வொரு வேளையும் குலுக்கி, ஊசியில்லா சிரிஞ்சால் அளக்க வேண்டும். லேபிளில் சொன்ன நாள் கடந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

எதோடு எது சேரக் கூடாது

வார்ஃபரின் எடுப்பவருக்குக் கோட்ரைமாக்ஸசோலோ மெட்ரோனிடசோலோ தொடங்கினால் ரத்தம் உறையும் நேரம் ஏறும். 3, 4 நாளில் அந்த நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பாருங்கள். கிளாரித்ரோமைசினும் சிம்வாஸ்டாடினும் சேர்ந்தால் தசை கரையும். மருந்து முடியும்வரை சிம்வாஸ்டாடினை நிறுத்துங்கள். கோட்ரைமாக்ஸசோலோடு எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் வகைகள் சேர்ந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு உயரும். வால்ப்ரோயேட் எடுக்கும் வலிப்பு நோயாளிக்கு மெரோபெனெம் கொடுத்தால் வால்ப்ரோயேட்டின் அளவு ஓரிரு நாளில் சரிந்து வலிப்பு வரும். பிறந்து 28 நாளுக்குள் உள்ள குழந்தைக்கு நரம்பு வழியே கால்சியம் ஏறும்போது செஃப்ட்ரியாக்ஸோன் கூடவே கூடாது.

சிப்ரோஃப்ளாக்ஸசினும் டாக்ஸிசைக்ளினும் இரும்பு, கால்சியம், அமிலநீக்கி ஆகியவற்றோடு வயிற்றிலேயே பிணைந்து, ரத்தத்துக்குப் போகாமலே வெளியேறும். சிப்ரோஃப்ளாக்ஸசினை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ கொடுங்கள்.

கர்ப்பிணிகளுக்குப் பென்சிலினும் செஃபலோஸ்போரினும் நம்பிக்கையானவை. டெட்ராசைக்ளின் வகையையும் ஃப்ளோரோகுவினலோனையும் தவிர்க்க வேண்டும். கோட்ரைமாக்ஸசோல் முதல் மூன்று மாதத்திலும் பிரசவம் நெருங்கும்போதும் வேண்டாம். நைட்ரோஃபுரான்டாயின் பிரசவத்தை ஒட்டி வேண்டாம். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கு நைட்ரோஃபுரான்டாயினால் சிவப்பணு சிதையலாம்.

ஊசி போடும் செவிலியருக்கு ஒன்று: வான்கோமைசின் 1 கிராம் குறைந்தது 60 நிமிடத்தில் ஏற வேண்டும். வேகமாக ஏறினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், அழுத்தம் இறங்கும். உடனே நிறுத்துங்கள், அடங்கியதும் மருத்துவரைக் கேட்டு, பாதி வேகத்தில் மீண்டும் தொடங்கலாம். இது வேகத்தால் வந்தது, உண்மையான அலர்ஜி அல்ல. அலர்ஜி என்று சீட்டில் எழுதிவிட்டால் அவருக்கு நல்ல மருந்து ஒன்று நிரந்தரமாகப் பறிபோகும்.

48 மணி நேரத்தில் திரும்பப் பார்ப்பது

புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இதுதான். சனிக்கிழமை இரவு தொடங்கிய மருந்து, யாரும் கேட்காததால் பத்தாவது நாளும் ஓடிக்கொண்டிருக்கும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் நோயாளியையும் கல்ச்சரையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவை எழுதுங்கள்: நிறுத்துவது, சில வகைக் கிருமிகளை மட்டும் தாக்கும் குறுகிய மருந்துக்கு இறக்குவது, மாத்திரைக்கு மாற்றுவது, மருந்தை மாற்றுவது, அல்லது இன்ன தேதிவரை தொடர்வது. தொற்று இல்லை என்று தெரிந்தால் "தொடங்கிவிட்டோமே" என்பதற்காகத் தொடர வேண்டாம்.

கல்ச்சர் அறிக்கையில் மருந்துகளுக்கு எதிரே இருக்கும் எம்.ஐ.சி. எண்களை (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு) ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். ஒரு மருந்துக்கு 0.5, இன்னொன்றுக்கு 4 என்றிருந்தால் முதலாவது நல்லது என்று ஆகாது. ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கோடு வேறு. கட்டுப்படும் என்று வந்தவற்றில் எது குறுகியது, எது அந்த உறுப்புக்குள் போகும், எது நோயாளிக்கு ஆகும் என்று பாருங்கள். மெரோபெனெமில் தொடங்கியவரின் கிருமி செஃபசோலினுக்குக் கட்டுப்பட்டால், அவர் தேறிவரும்போதே இறக்குங்கள். "நன்றாகத்தானே போகிறது, ஏன் மாற்ற வேண்டும்" என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் குறிபார்த்த மருந்து பலவீனமான மருந்து அல்ல. மெதிசிலினுக்குக் கட்டுப்படும் சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத் தொற்றில் வான்கோமைசினைவிடச் செஃபசோலினும் க்ளாக்சசிலினும்தான் நன்றாக வேலை செய்கின்றன.

காய்ச்சல் இறங்கி, அழுத்தம் நிலைத்து, விழுங்க முடிந்து, குடல் வேலை செய்தால் மாத்திரைக்கு மாறலாம். லீவோஃப்ளாக்ஸசின், லினசோலிட், மெட்ரோனிடசோல், டாக்ஸிசைக்ளின், கோட்ரைமாக்ஸசோல் ஆகியவை வாய்வழியாகவே ஏறத்தாழ முழுதும் உட்கிரகிக்கப்படுகின்றன. செஃப்ட்ரியாக்ஸோன் ஊசிக்குச் செஃபிக்ஸிம் மாத்திரை சமமான மாற்று அல்ல. அது ரத்தத்தில் எட்டும் அளவு மிகக் குறைவு.

நாட்கணக்கு கடந்த இருபது ஆண்டுகளில் நன்றாகக் குறைந்திருக்கிறது. தேறிவரும் நிமோனியாவுக்கும் சாதாரண தோல் தொற்றுக்கும் 5 நாள். மருத்துவமனையில் வந்த நிமோனியாவுக்கு 7. மூலத்தைச் சரிசெய்த வயிற்றுத் தொற்றுக்கு, சரிசெய்த நாளிலிருந்து 4. சிக்கலில்லாத கிராம் நெகட்டிவ் ரத்தத் தொற்றுக்கு 7. குறைக்கவே கூடாதவை: ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத் தொற்றில், கல்ச்சர் முதலில் சுத்தமாக வந்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள், இதய வால்வுத் தொற்றில் பொதுவாக 4 முதல் 6 வாரம், எலும்புத் தொற்றில் 6 வாரம் அளவு, சாதாரண காசநோய்க்கு வழக்கமான முறையில் 6 மாதம். அறுவைக்கு முன் கொடுக்கும் செஃபசோலின் 2 கிராம், கத்தி வைக்கும் முன் 60 நிமிடத்துக்குள் ஏற வேண்டும். அறுவை 4 மணி நேரம் தாண்டினால் இன்னொன்று. தையல் போட்டதோடு முடிந்தது.

மூன்றாம் நாளும் தேறவில்லை என்றால்

உடனே பெரிய மருந்துக்குத் தாவாதீர்கள். முதலில் மருந்து உண்மையிலேயே ஏறியதா என்று சார்ட்டைப் பாருங்கள். நரம்பு ஊசி கழன்று இரண்டு டோஸ் போகாமலே இருந்திருக்கும். அளவு எடைக்குப் போதுமா? எங்காவது சீழ் வெளியேறாமல் நிற்கிறதா? நிமோனியா என்றால் நெஞ்சில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பாருங்கள். நோயறிதலே தவறாக இருக்கலாம்: மலேரியா, டெங்கு, காசநோய், காலில் ரத்தக்கட்டு. மருந்தே காய்ச்சலைத் தருவதும் உண்டு. நோயாளி தெம்பாக இருப்பார், காய்ச்சல் மட்டும் விடாது, மருந்தை நிறுத்தியதும் ஓரிரு நாளில் அடங்கும். இவை எல்லாம் இல்லை என்ற பிறகுதான் எதிர்ப்புள்ள கிருமி. எக்ஸ்ரே நிழல் மறைய 6 வாரம்கூட ஆகும், அதை வைத்து மருந்தை நீட்டாதீர்கள்.

மருந்து தொடங்கிய பிறகு ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ நீராகப் போனால் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைலை நினையுங்கள். மலத்தைச் சோதிக்க அனுப்புங்கள், லோபெரமைடு கொடுக்காதீர்கள், முடிந்தால் காரணமான மருந்தை நிறுத்துங்கள். கையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். அதன் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது.

வீட்டுக்கு அனுப்பும்போது

கடைசி மாத்திரையின் தேதியைச் சீட்டில் எழுதுங்கள், "5 நாள்" என்று மட்டும் எழுதினால் ஊசியில் போன நாட்கள் கணக்கில் விட்டுப்போகும். டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். வெயிலில் தோல் கருகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் எடுக்கலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம், இரண்டையும் சேர்த்து எடுக்கக் கூடாது. தடிப்போடு வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் கொப்புளம், மூச்சு முட்டல், குதிகால் தசைநாரில் திடீர் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வர வேண்டும். மிச்சம் இருந்தால் மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கட்டும், அடுத்த காய்ச்சலுக்கோ பக்கத்து வீட்டாருக்கோ அல்ல. ஒவ்வாமை என்று ஏதாவது நடந்திருந்தால் மருந்தின் பெயர், எத்தனையாவது டோஸ், எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது என்ற நான்கையும் எழுதி நோயாளியின் கையில் கொடுத்து அனுப்புங்கள்.